நாலு விரல் இடைவெளி

வைஷாலி மேடம் ஒருமுறை அளந்தார். தான் அளந்ததைத் தானே நம்பாதவர் போல மறுபடியும் அளந்தார். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தாற்போல ஒரு பிளாஸ்டிக் கருவி. அதன் ஒரு கையைத் தீபாவின் தொடையோடும் இன்னொன்றைக் கெண்டைக்காலோடும் சேர்த்துப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார். பிசியோதெரபி மேசையில் மல்லாந்து படுத்திருந்த தீபா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை நன்றாக நீட்டித்தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு நினைப்பு. நீட்டிய காலின் முழங்காலுக்கும் மேசைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. வைஷாலி மேடம் பக்கத்தில் நின்ற ஜான்சியின் கையைப் பிடித்து அந்த இடைவெளிக்குள் செருகிக் காட்டினார். நாலு விரலும் தாராளமாக நுழைந்தன.

இருபது டிகிரி குறைகிறது என்று மேடம் இந்தியில் சொன்னார். ஏழு வாரத்தில் இது பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். மடங்குவதெல்லாம் அப்புறம், கால் முதலில் நீள வேண்டும். நீளாத காலை வைத்துக்கொண்டு ஓடுவது இருக்கட்டும், ஒழுங்காக நிற்கவே முடியாது. இவ்வளவையும் அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்டு முடித்த தீபா, "மே மாசம்?" என்று மட்டும் கேட்டாள். மேடம் அளவைக் காகிதத்தில் குறித்தார்.

மே மாதம் என்றால் தீபாவுக்கு வெயிலும் இல்லை, மாம்பழமும் இல்லை. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த மே மாதம். ஜூனில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்குமேல் விண்ணப்பிக்க முடியாது. பதின்மூன்று வயதிலிருந்து புனேவில் தாபோடியிலிருந்து கட்கி மைதானத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய்க் கபடி ஆடியவள். எதிரணிக்குள் நுழைந்து தொட்டுவிட்டுத் திரும்பி வருவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஜூலையில் சிஞ்ச்வடில் நடந்த போட்டியில் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துவிட்டாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் ஆபரேஷன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்பது மாதத்தில் மைதானத்துக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆகஸ்டிலிருந்து விரல் விட்டால் ஒன்பதாவது மாதம் சரியாக மே. கர்த்தர் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார் என்று ஜான்சி அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஜான்சி தீபாவின் அண்ணன் மனைவி. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து ஆறு வருஷத்துக்கு முன் ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு புனேவுக்கு வந்தவள். வந்தபோது வீட்டில் மாமியார் இல்லை, மாமனாருக்குப் பேச்சே இல்லை, ஸ்டீபனுக்கு சிஞ்ச்வடில் ஷிஃப்ட் வேலை. பேசுவதற்குக் கிடைத்தது பதினெட்டு வயதுத் தீபா ஒருத்திதான். அவளுடைய தமிழோ நொண்டியடிக்கும் தமிழ். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். ஜான்சியின் இந்தி அதைவிட மோசம். இருவரும் ஆளுக்கொரு அரைமொழியை வைத்துக்கொண்டு ஒரு முழுப்பேச்சு பேசிவிடுவார்கள். அண்ணன் மனைவியை ஊர்ப்பக்கம் மைனி என்பார்கள். மராத்தியிலும் கிட்டத்தட்ட அதேதான், வைனி. மைதானத்துத் தோழிகள் எல்லாம் வைனி என்று கூப்பிட, தீபா மட்டும் மெனக்கெட்டு மைனி என்பாள். அந்த ஒரு எழுத்தில்தான் தான் இந்த ஊரில் கால் ஊன்றியிருப்பதாக ஜான்சிக்குத் தோன்றும்.

வைஷாலி மேடம் ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டினார். தீபாவின் பாதத்தைத் தூக்கி, குதிங்காலுக்கு அடியில் அதை வைத்தார். முழங்கால் அந்தரத்தில் தொங்கியது. தீபா பல்லைக் கடித்தாள்.

"தகியா ஹமேஷா ஏடீ கே நீச்சே" என்றார் மேடம், குதிங்காலைத் தட்டிக் காட்டி. "குட்னே கே நீச்சே கபி நஹி."

குட்னா ஜான்சிக்குத் தெரியும், முழங்கால். தலையணையை முழங்காலுக்கு அடியில் ஒருபோதும் வைக்கக்கூடாது என்கிறார். அப்படியானால் ஏடீ என்பது, அவர் தட்டிக் காட்டுகிற அந்த இடம். குதிங்கால். இந்தச் சொல்லை ஜான்சி முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் வார்டுக்கு ஒரு பையன் வந்தான். தருண் என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது. படித்து முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவன் போலிருந்தான், இந்தியைப் பொரிகடலை மாதிரி கொறித்துப் பேசினான். தீபா மயக்க மருந்தின் தயவில் வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தாள். ஸ்டீபன் கீழே பில் கவுண்டரில். எனவே அவன் சொல்ல வேண்டியதெல்லாம் ஜான்சியிடம் சொன்னான். பாதத்தை ஆட்டச் சொல்லுங்கள், ஐஸ் வையுங்கள், தொடையை இறுக்கி இறுக்கி விடச் சொல்லுங்கள். கையால் காட்டிக் காட்டிச் சொன்னதால் எல்லாம் புரிந்தது. கடைசியாக, பக்கத்துப் படுக்கையில் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிக்கொண்டே சொன்னான். "பாபி, தகியா ஏடீ கே நீச்சே ரக்னா."

பாபி, அண்ணி. தகியா, தலையணை. நீச்சே, கீழே. ரக்னா, வை. நடுவில் வந்த ஏடியைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் ஊரில் பெண்டாட்டியை ஏட்டி என்பார்கள், டவுன்காரர்கள் ஏடி என்பார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத இந்த வடக்கத்திப் பையன் கட்டின புருஷன் மாதிரி ஏடி, தலையணையைக் கீழே வையடி என்கிறானே. தமிழில் அதற்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. ஏதோ அரே, ஓரே மாதிரி ஒரு சொல்லாக்கும் என்று எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அச்சா, அச்சா என்று தலையாட்டினாள். எதற்குக் கீழே என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிற இடத்துக்கு, வலிக்கிற இடத்துக்குத்தானே தலையணை.

அன்று சாயங்காலம் தீபாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். தீபாவுக்கு வாந்தி நிற்கவில்லை. மறுநாள் காய்ச்சல். வீட்டுக்கு வந்தபின் மூன்று மாடிப் படி, மழை, வாக்கர், சமையல் என்று அந்தச் சிரிப்பு மறந்தே போனது. மறந்திருக்கக் கூடாது. அந்த ஒரு வேடிக்கையைச் சொல்லியிருந்தால் தீபா, "ஐயோ மைனி, ஏடீன்னா இது" என்று குதிங்காலைக் காட்டியிருப்பாள். கால் தப்பியிருக்கும்.

சீதனத்தோடு ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று பீரோவுக்குள் இருந்தது. ஆறு வருஷமாக விருந்தாளிக்கென்று வைத்திருந்தது. அதை எடுத்து வெயில் காட்டி, உறை மாற்றி, தீபாவின் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். கால் லேசாக மடங்கியிருந்தால் வலி குறையத்தான் செய்யும். தீபாவும் "பஹுத் ஆராம் மைனி", ரொம்ப சுகம், என்று தூங்கிப்போனாள். தலையணை நகர்ந்தால் ஜான்சி எழுந்து போய்ச் சரிசெய்வாள். இரண்டாவது வாரமே பிசியோதெரபிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தையல் பிரிப்பதைப் பக்கத்து டிஸ்பென்சரியிலேயே முடித்துக்கொண்டார்கள். ஸ்டீபனுக்கு லீவு கிடைக்கவில்லை, மழை விடவில்லை, பிறகு கணபதி பந்தல்கள் போட்டுத் தெருவை அடைத்துவிட்டார்கள். விசர்ஜனம் முடியட்டும் என்று சொன்னது தீபாதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையார் கரைந்து போனபின்தான் குரங்கு தெரிந்தது.

"வீட்டில் தலையணையை எங்கே வைத்தீர்கள்?" என்று வைஷாலி மேடம் கேட்டார்.

முழங்காலுக்கு அடியில் என்றாள் தீபா. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்களாம், மைனியிடம் சொன்னார்களாம். எங்கள் ஆள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களே என்று மேடம் ஜான்சியைப் பார்த்தார். தீபாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை, அதுதான் ஜான்சியைக் கவிழ்த்தது. சந்தேகப்பட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

"உஸ்னே ஐசாஹி போலா" என்றாள். அவன் அப்படித்தான் சொன்னான். ஆறு வருஷத்தில் அவள் பிழையில்லாமல் பேசிய இந்தி வாக்கியங்களில் அது ஒன்று.

ஸ்டீபனுக்கு வழக்கமாகக் கோபம் வராது. வந்தால் போகாது. விஷயத்தைக் கேட்டதும் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டான்.

"கம்ப்ளெயிண்ட் குடுக்காம இருக்க மாட்டேன். எங்க பாப்பாவோட காலு. அந்தப் பையனுக்கு வேல இருக்கக் கூடாது."

"விடுங்க, நடந்தது நடந்துட்டு" என்றாள் ஜான்சி.

"எப்படி விட முடியும்? நீ சாட்சி. சனிக்கிழமை நீயும் வரணும்."

ஒரு பொய்யை நிற்கவைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பது மற்றவர்களுக்கு. ஜான்சிக்குச் சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது, மற்றதை வீட்டிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் தீபாவின் காலுக்காகவும், அந்த ஆஸ்பத்திரியில் நியாயம் கிடைப்பதற்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லி ஸ்டீபன் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான். பாஸ்டர் அதை வாசித்தபோது சுற்றிலும் ஆமென் என்றார்கள். ஜான்சிக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த சாந்தகுமாரி அக்கா அவள் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "நாத்தனாருக்காக இப்படி அழுதவள நான் பாத்ததில்ல" என்று முதுகைத் தடவிவிட்டாள். சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். மாவு அரைக்கும்போது சொற்களைக் கோத்து வைத்துக்கொள்வாள். தீபாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் சிதறிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீபா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மைனி, நீ ஏன் இப்படி இருக்க? உன் கல்தி இல்ல. அவன் சொன்னத நீ செஞ்ச. நீ இல்லேன்னா என்னை யாரு பாத்திருப்பா?"

கல்தி என்றால் தப்பு. இந்தச் சொல் ஜான்சிக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போய்க் குக்கரை இறக்கினாள்.

சனிக்கிழமை பிசியோதெரபி அறையில் கூட்டம் குறைவு. வைஷாலி மேடம் கதவைச் சாத்திவிட்டுத் தருணைக் கூப்பிட்டார். தீபா மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், வாக்கர் பக்கத்தில். ஸ்டீபன் எழுதிக் கொண்டுவந்த புகாரைக் கையிலேயே வைத்திருந்தான். தருண் நின்றுகொண்டே கேட்டான். அவன் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறேன், மேடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்றான். ஸ்டீபன் விடவில்லை. இவள் பொய் சொல்கிறாளா என்று கேட்டான். அப்போது தருண் ஜான்சியின் பக்கம் திரும்பினான். கோபமாகத் திரும்பவில்லை. எதையோ நினைவுபடுத்துகிறவன் போலத்தான் திரும்பினான்.

"பாபி, நீங்கள் சிரித்தீர்கள்" என்றான் இந்தியில். "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஏடீ என்றதும் துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரித்தீர்கள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று வெளியே போயும் யோசித்தேன்."

ஜான்சிக்கு இந்தி வரவில்லை. தெரிந்த நாலு சொல்லும் ஓடிப்போய்விட்டன. புருஷனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லிருக்காரு. எனக்குத்தான் வெளங்கல. ஏடீன்னா குதிங்கால்னு எனக்குத் தெரியாது. என்னைய ஏடின்னு கூப்புடுதாருன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துட்டு. திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அன்னைக்கு மேடம் கேட்டப்ப பயத்துல பொய் சொல்லிட்டேன்."

வைஷாலி மேடத்துக்கும் தருணுக்கும் ஒன்றும் புரியவில்லை. இருவரும் ஸ்டீபனைப் பார்த்தார்கள். அவன்தான் மொழிபெயர்க்க வேண்டும். மனைவியின் குற்றத்தை அவன் வாயாலேயே இன்னொரு மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் கொஞ்ச நேரம் புகார்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தான். மடிக்க இடமில்லாத அளவுக்குச் சிறிதாகிவிட்டபின், இவளுக்கு ஏடீ என்ற வார்த்தை தெரியாது, இவள் தப்பு என்று இந்தியில் ஒரே வரியில் சொன்னான். தருணிடம் சாரி என்றான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

தீபாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஏட்டி, ஏடி எல்லாம் அவளுக்கும் தெரியும், அந்த வேடிக்கை அந்த அறையில் ஜான்சியை விட்டால் அவளுக்குத்தான் முழுசாகப் புரியக்கூடியது. அவள் சிரிக்கவில்லை. ஜான்சியைப் பார்க்கவும் இல்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தருண் ஜான்சிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவன் அப்படிச் செய்திருக்கத் தேவையில்லை. வைஷாலி மேடம் பெருமூச்சு விட்டு, நடந்ததை விடுங்கள், இனி வீட்டில் தினம் மூன்று வேளை யார் அமுக்குவது என்று கேட்டார். குதிங்காலை உயர்த்தி வைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு கையையும் வைத்து மெல்ல மெல்லக் கீழே அமுக்கிப் பிடிக்க வேண்டும். அரை நிமிஷம் பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து தடவை. வலிக்கும், நன்றாகவே வலிக்கும். அண்ணா செய்யட்டும் என்றாள் தீபா. அண்ணாவுக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று அவளுக்கே தெரியும். கடைசியில் மேடம் ஜான்சியின் கைமேல் தன் கையை வைத்து, எவ்வளவு அழுத்தம் என்று காட்டிக்கொடுத்தார்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. படியேறும்போது தாங்கிக்கொள்ள ஜான்சி கையை நீட்டினாள்.

"நகோ, வைனி" என்றாள் தீபா. வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் ஜான்சியோடு பேசியதெல்லாம் மராத்திதான். அதுவும் தேவைக்கு ஒரு சொல். பாணி என்றால் தண்ணீர். தாப் என்றால் அமுக்கு. பஸ் என்றால் போதும். சண்டை போட்டிருந்தால்கூட ஜான்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மொழியிலிருந்தே அவளைத் துரத்தி வாசலில் நிறுத்திவிட்டாள். ஸ்டீபன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு, "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பழையபடி ஆகிவிட்டான். அவனுக்கு அது ஒரு விபத்து. தீபாவுக்கு அது மே மாதம்.

காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் ஜான்சி துண்டைச் சுருட்டிக்கொண்டு வருவாள். தீபா முழங்கையை மடக்கி முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுப்பாள். தாப் என்பாள். ஜான்சி அமுக்குவாள். உள்ளே ஏதோ காய்ந்த கயிறு போல இழுபடுவது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே இருக்கும்போது பஸ் என்று குரல் வரும். சில நாள் பதினைந்தில் வரும், சில நாள் பத்தில். வந்த மாத்திரத்தில் ஜான்சி கையை எடுத்துவிடுவாள். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுப்பாள். இன்னும் ஐந்து எண்ணம் பிடித்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது. முடிந்ததும் தீபா அசந்திருக்கும் நேரம் பார்த்து முழங்காலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பாள். அக்டோபர் நடுவில் நாலு விரல் மூன்றானது. மூன்று மூன்றாகவே நின்றுவிட்டது. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்த சக்லி முறுக்கு டப்பாக்கள் சமையலறையில் யாரும் தொடாமல் இருந்தன.

நவம்பரில் டாக்டர் பார்த்தார். இப்படியே இருந்தால் டிசம்பரில் மறுபடியும் உள்ளே போய், முழங்காலுக்குள் வளர்ந்திருக்கிற தழும்புத் திசுவை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு எத்தனை மாதம் என்று தீபா கேட்டாள். டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. நீங்கள் நடப்பீர்கள், மாடிப்படி ஏறுவீர்கள், ஓடக்கூட ஓடலாம், மே மாதத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார்.

மூன்றாவது நாள் மதியம் கபடி கோச் போன் செய்தார். தேர்வுக்குப் பெயர் அனுப்ப வேண்டிய கடைசி வாரம் போலிருக்கிறது. ஜான்சி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், தீபாவின் குரல் அறையிலிருந்து கேட்டது. மராத்திதான். ஜான்சிக்கு வேண்டாம் என்கிற நகாவும் தன் பெயரைத் தானே அவள் சொன்னதும் விளங்கின, மற்றதை ஊகித்துக்கொண்டாள். என் பெயரைப் போடாதீர்கள். ரோஹிணியின் பெயரைப் போடுங்கள், அவள் நன்றாக ஆடுகிறாள். பிறகு ஆமாம் என்பதாக ஹோ சர், ஹோ சர் என்று நாலைந்து முறை. அழாமல்தான் பேசினாள். போனை வைத்தபின்னும் அழும் சத்தம் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு போனில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெங்காயம் அரிகிறவளுக்கு அழ ஒரு சாக்கு இருந்தது, ஜான்சி அழுதாள்.

கையைக் கழுவிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றாள். மதிய வேளைக்கு அமுக்கும் நேரம் தாண்டிவிட்டது. இனி எதற்கு என்று தீபாவே கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயமாக இருந்தது. தீபா கட்டிலில் ஏற்கெனவே படுத்திருந்தாள். துண்டைத் தானே சுருட்டிக் குதிங்காலுக்கு அடியில் வைத்திருந்தாள். முகத்தின்மேல் முழங்கை.

"தாப்" என்றாள்.

ஜான்சி கட்டிலோரத்தில் முழந்தாளிட்டு இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். மனதுக்குள் எண்ணினாள். பத்து வந்தது. பதினைந்து வந்தது. இப்போது பஸ் வரும் என்று கை தானாகவே தளர்ந்தது. தீபாவின் உதடு கோணிக்கொண்டு போனது, கழுத்து நரம்பு புடைத்தது.

"சோடூ நகோ" என்றாள் பல்லுக்கு நடுவிலிருந்து.

நகோ தெரியும். நகோ என்றால் வேண்டாம். காய்க்காரனிடம் சொல்வது, படியில் கையை நீட்டியபோது கேட்டது. வேண்டாம் என்கிறாள், போதும் என்கிறாள், எடு என்கிறாள். ஜான்சியின் கை பாதி மேலே வந்துவிட்டது. ஆனால் முன்னால் ஒரு சொல் இருந்தது. சோடூ. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பழைய வெட்கம் மறுபடியும் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கேட்டாள்.

"தீபா, எனக்கு அது வெளங்கல. விடச் சொல்லுதியா, விடக் கூடாதுங்கியா?"

தீபா முழங்கையை முகத்திலிருந்து எடுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் கண்கள் ஜான்சியின் முகத்துக்கு வந்தன. சிவந்து, வீங்கி, அடையாளமே தெரியாத கண்கள்.

"விடாத" என்றாள்.

ஜான்சி எழுந்து, ஒரு காலைக் கட்டிலின்மேல் ஊன்றிக்கொண்டு, மேடம் காட்டிக்கொடுத்த அழுத்தம்வரை போனாள். அதற்குக் கீழே போகவில்லை, அதை விடவும் இல்லை. இருபது தாண்டியது. இருபத்தைந்து தாண்டியது. தீபா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல் அழுதாள், பிறகு மூன்று மாடிக்கும் கேட்கும்படி அழுதாள். அவளுடைய நல்ல கால் படுக்கையில் அடித்துக்கொண்டது. கபடிக்காரியின் கால் அது, இன்னும் பலம் குறையாதது. சுழன்று வந்து ஜான்சியின் விலாவில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. வலியில் விழுகிறதா, வேண்டுமென்றே விழுகிறதா என்று ஜான்சி பார்க்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள். கை முழங்காலின் மேலேயே இருந்தது.